1788-ஆம் ஆண்டுப் புத்தகமும் அன்னகுடிச் சிப்பாய்களும்



திருவையாற்றுப் படித்துறைகளைத் தொட்டு ஓடும் காவிரி, தமிழ் மண்ணுக்குள் இறங்குமுன் சீரங்கப்பட்டணத்தைத் தீவாகச் சூழ்ந்து வருகிறது. 1780-ஆம் ஆண்டின் இறுதி முதல் 1784 வரை அத்தீவின் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரிகளும் வீரர்களும் காலில் விலங்கோடு அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களிற் சிலர் காவலர் கண்ணில் படாமல் நாட்குறிப்பு எழுதினார்கள். அந்தக் குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு 1788-இல் இலண்டனில் ஒரு நூல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. ‘மெமாய்ர்ஸ் ஆஃப் த லேட் வார் இன் ஏசியா’ என்பது அதன் பெயர். ஆசியாவில் அண்மையில் நடந்த போரின் நினைவுக் குறிப்புகள் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை; கர்னல் பெய்லியின் படைப்பிரிவைச் சேர்ந்த ஓர் அதிகாரி என்று மட்டும் இருக்கிறது. வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் பலருடைய குறிப்புகளை வாங்கித் தொகுத்துச் செப்பம் செய்தார் என்பது ஆய்வாளர் பொதுவாக ஏற்கும் முடிபு.

பழம் புத்தகங்களைத் தேடுவோர் இதன் முதற்பதிப்பைப் பெரிதாக மதிக்கிறார்கள். கந்தலை ஊறவைத்துக் கையால் வார்த்த தாள். ‘எஸ்’ என்னும் எழுத்து ‘எஃப்’ போல நீண்டு நிற்கும் பழைய அச்சு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதற்சொல். அந்தாதி பாடிப் பழகியவர்களுக்கு இந்தக் கடைசி ஏற்பாடு பிடித்துப் போகும். ஆனால் தோல் அட்டையும் பழைய அச்சும் மட்டும் ஒரு நூலைத் தஞ்சை நாட்டாருக்கு உரியதாக்கிவிட மாட்டா. இந்நூலில் தஞ்சை நாட்டார்க்குப் பங்கு இருக்கிறது. அப்பங்கு எங்கே, எந்த அளவில் அமைந்துள்ளது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

போரின் தொடக்கம் தொண்டை நாட்டில். 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை வளைத்து அழித்தார்கள். இந்தியாவில் அதுவரை கம்பெனிப் படை கண்ட தோல்விகளில் அதுவே பெரிது. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அப்போர்க் காட்சி இன்றும் வண்ணத்தில் இருக்கிறது. பல்லக்கில் அமர்ந்திருக்கும் பெய்லியை ஓவியன் மறக்கவில்லை. புள்ளலூர் பழைய போர்க்களமும் ஆகும். மகேந்திரவர்ம பல்லவன் அவ்வூரில் பகைவரை வென்றதாகக் காரைக்காலை அடுத்த காசாக்குடியில் கிடைத்த செப்பேடு பேசுகிறது. வென்றவனுக்குச் செப்பேடு, தோற்றவனுக்கு ஓவியம் என்று அவ்வூர் இரண்டையும் பெற்றது.

தஞ்சையின் முறை 1781-இல் வந்தது. மன்னர் துளசா அதற்கு முன்பே ஒரு சிறையைக் கண்டவர். 1773-இல் ஆர்க்காட்டு நவாபின் பொருட்டுக் கம்பெனிப் படை தஞ்சைக் கோட்டையைப் பிடித்தபோது சிறைப்பட்டு, 1776-இல்தான் மீண்டும் அரியணை ஏறினார். ஐந்தே ஆண்டுகளில் ஐதரின் குதிரைப்படை நாட்டுக்குள் புகுந்தது. தலைநகர்க் கோட்டை ஒன்று தவிர நாடு முழுவதும் மைசூர்ப் படையின் கைக்குப் போயிற்று. கரைகளும் மதகுகளும் உடைக்கப்பட்டன. மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. குழந்தைகள் உட்படப் பலர் கொண்டு செல்லப்பட்டார்கள். ‘ஐதர் கலாபம்’ என்ற தொடர் தஞ்சைச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கியது அந்த ஆண்டினால்தான். காஞ்சியிலிருந்து புறப்பட்டு ஊர் ஊராக ஒளிந்து திருவாரூர் வந்து தங்கிய பங்காரு காமாட்சி, இந்தப் படைக்கு அஞ்சியே 1781-இல் தஞ்சைக்கு வந்தாள் என்பது வழிவழிச் செய்தி. அவளோடு வந்த அர்ச்சகர் குடும்பத்துப் பிள்ளைதான் சியாமா சாஸ்திரி. 1767-இல் பிறந்த தியாகராசர் அப்போது பதினான்கு வயதுச் சிறுவர். இசை வரலாறு எழுதுவோர் இந்த ஆண்டை ஒரு வரியில் கடந்து விடுகிறார்கள். வயல் வரலாறு எழுதுவோர்க்கு அது முடியாது.

அக்காலத்துத் தஞ்சை நிலைக்குச் சுவார்ட்சு பாதிரியாரின் கடிதங்கள் நல்ல சான்று. கோட்டைக்குள் நெல் இல்லை. வெளியே ஊர்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடும் ஆளும் இல்லை. வாங்கியதற்கு முன்பு ஒழுங்காகப் பணம் கொடாததால் மன்னர் சொல்லையும் கம்பெனி சொல்லையும் குடிகள் நம்பவில்லை. கடைசியில், பாதிரியார் சொன்னாலாவது நம்புவார்களா பார்ப்போம் என்று அவரிடம் பொறுப்பு வந்தது. ஓரிரு நாளில் 1,000 மாடுகள் சேர்ந்தன. உபதேசியார்களும் பிற கிறித்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து ஊர்களுக்குள் சென்று 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் சேர்த்தார்கள். சொன்னபடி பணமும் கொடுக்கப்பட்டது. சுவார்ட்சின் பெயர் தஞ்சையில் நிலைத்தது, அது தகும். குதிரைப்படை திரிந்த வரப்புகளின் வழியே நெல் வண்டி ஓட்டியவர்களின் பெயர் அக்கடிதத்திலும் இல்லை. ஆயினும் அவர்கள் செய்தது இன்னதென்று அதில் உண்டு. பெயரை விட்டாலும் செயலை விடாத எழுத்து என்று அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

அன்னகுடி இதன் தொடர்ச்சி. 1782 பிப்ரவரியில் கர்னல் பிரைத்வெயிட் தஞ்சையைக் காக்கும் படையோடு கொள்ளிடக் கரையில் அன்னகுடி என்ற இடத்தில் தங்கியிருந்தார். ஐரோப்பியர் ஏறத்தாழ 100 பேர். சிப்பாய்கள் ஏறத்தாழ 1,500 பேர். குதிரை வீரர் 300 பேர். திப்பு பெரும்படையோடும், லாலி என்ற பிரெஞ்சுத் தளபதியின் கீழிருந்த ஐரோப்பியரோடும் வந்து சூழ்ந்தார். பிப்ரவரி 16 முதல் 18 வரை சண்டை நடந்தது. சமவெளியில், மறைவிடம் ஏதும் இல்லாமல், சிப்பாய்கள் நாற்கோணமாக அணிவகுத்துக் குதிரைப் பாய்ச்சல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தார்கள். லாலியின் துப்பாக்கி ஈட்டிகள் நெருங்கிய பிறகே அணி உடைந்தது. உடைந்த அணிமேல் பாய்ந்த குதிரைகளின் வெட்டை நிறுத்தப் பாடுபட்டவரும் லாலியே. சிறைப்பட்டவர்களையும் காயமுற்றவர்களையும் அக்களத்தில் திப்பு பரிவோடு நடத்தினார் என்று ஆங்கில வரலாற்றாசிரியர்களே எழுதியுள்ளார்கள்.

இந்த 1,500 சிப்பாய்கள் யார்? சோழமண்டலக் கரையின் கம்பெனிப் படையில் தமிழரும் தெலுங்கரும், இந்துக்களும் முகமதியரும் கலந்திருந்தனர். கூலிக்குச் சேர்ந்தவர்கள், பாதிக்கு மேல் சம்பளப் பாக்கியோடு சண்டையிட்டவர்கள் என்று சொன்னாலும் பெரும் பிழையாகாது, அந்தப் போரில் கம்பெனியின் கருவூலம் இருந்த நிலை அப்படி. தோற்றபின் அவர்களும் விலங்கிடப்பட்டு மலையேறினார்கள். காவிரியின் கீழ்க்கரையில் பிடிபட்டு மேல்கரையில் அடைபட்டார்கள்.

சிறை வாழ்க்கையை 1788-ஆம் ஆண்டு நூல் நாள்வாரியாகக் காட்டும் பகுதிகள் படிப்போரை விடமாட்டா. கால் விலங்கின் எடை, அதிகாரிகளுக்கு நாள்படியாகக் கொடுக்கப்பட்ட சிறு பொன்பணம், அதில் அரிசிக்கு எவ்வளவு, விறகுக்கு எவ்வளவு என்ற கணக்கு, வயிற்றுக்கடுப்பு, ஒவ்வொருவராக இறப்பது. கர்னல் பெய்லி 1782 நவம்பரில் அங்கேயே இறந்தார். அடுத்த மாதம் ஐதர் அலி இறந்தார். 1783-இல் தளபதி மாத்யூசு பிடிபட்டு வந்து மடிந்தபோது, அவருக்கு நஞ்சு கொடுக்கப்பட்டது என்று சிறைக்குள் இருந்தோர் நம்பினார்கள். அதன்பின் ஒவ்வொரு சோற்று உருண்டையும் அவர்களுக்கு ஐயமாயிற்று. இளம் வீரர்கள் பிரித்தெடுக்கப்பட்டு, வலிந்து மதம் மாற்றப்பட்டு, சேலா என்னும் அடிமைப் படைகளில் சேர்க்கப்பட்டார்கள். சிறையில் ஒருவர் கட்டிய பாட்டும் எஞ்சியிருக்கிறது. துன்பம் வந்தால் பாட்டுக் கட்டுவது மனித இனத்துக்கே பொது போலும்.

எழுதிய முறையே தனிக் கதை. தாள் கிடைப்பது அரிது. மை அதனினும் அரிது. அகப்பட்டால் தண்டனை. அதே சிறையில் இருந்த குரோம்வெல் மாசி என்ற அதிகாரியின் நாட்குறிப்பு உள்ளங்கைக்குள் ஒளிக்கத்தக்க சிறு ஏடு. எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்து. அது பின்னாளில்தான் பெங்களூரில் அச்சாகியது. 1788-இல் வந்த நூல் அதைப்போல் அப்படியே அச்சேறியது அன்று. நாட்குறிப்பாளன் தனக்காகவும் தோழருக்காகவும் எழுதியதை, இலண்டன் எழுத்தாளர் சந்தைக்காகப் பூசி மெழுகினார். காலமும் பொருந்தி வந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான வழக்கு 1788 பிப்ரவரியில் பாராளுமன்றத்தில் தொடங்கியிருந்தது. இந்தியா என்ற சொல் வீட்டுக்கு வீடு ஒலித்த ஆண்டு அது. 1789-இல் மறுபதிப்பும் தேவைப்பட்டது. மைசூர் மன்னரைக் கொடியவராகக் காட்டிய இத்தகைய நூல்கள், அடுத்து வந்த 1790, 1799-ஆம் ஆண்டுப் படையெடுப்புகளுக்கு இங்கிலாந்து மக்களின் மனத்தை உழுது வைத்தன. ஆகவே முதற்பதிப்பைக் கையிலெடுக்கும்போது இரண்டு குரல்களைப் பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்று, விலங்கோடு அமர்ந்து அரிசிக் கணக்கு எழுதியவன் குரல். மற்றொன்று, அதை விற்கத் தெரிந்தவர் குரல். அணிநயம் மிகும் இடங்களில் இரண்டாமவரே பேசுகிறார் என்று கொள்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். உண்மையில் துன்புற்றவனுடைய நடை வறண்டே இருக்கிறது.

சிப்பாய்கள் இந்நூலில் எங்கே இருக்கிறார்கள்? ஓரங்களில் இருக்கிறார்கள். எண்ணிக்கையாக, கூட்டமாக, பணியாளாக வருகிறார்கள், போய்விடுகிறார்கள். அதிகாரி இறந்தால் பெயரும் நாளும் உண்டு. அந்த வேறுபாடு கோட்டைக்கு வெளியிலும் தொடர்ந்தது. பெய்லிக்கு அவர் உறவினர் 1816-இல் சீரங்கப்பட்டணத்தில் கல்லறை மண்டபம் எழுப்பினார். சிறையிலிருந்து மீண்ட டேவிட் பெய்ர்டு 1799 மே 4-ஆம் நாள் அதே கோட்டையின் மேல் ஏறிய படைக்குத் தலைமை தாங்கினார். கைதிகளை இருவர் இருவராகப் பிணைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அவருடைய தாய், தம் மகனோடு பிணைக்கப்பட்டவர் பாடு பாவம் என்று சொன்னாராம். அந்தத் தாயின் கேலிப்பேச்சுக்குக்கூட வரலாற்றில் இடம் கிடைத்துவிட்டது. அன்னகுடியில் நாற்கோணத்தில் நின்றவனின் தாய் என்ன சொன்னாள் என்பதற்கு ஏடு இல்லை.

தமிழர்க்கு நாட்குறிப்பு எழுதும் வழக்கம் இல்லாமையே காரணம் என்று சிலர் கூறுவர். அது பொருந்தாது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு உலகறிந்தது. அதைவிட நெருக்கமான சான்றும் இருக்கிறது. இதே போர் நடந்த ஆண்டுகளில், புதுச்சேரியில் இரண்டாம் வீராநாயக்கர் தமிழில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். 1778 முதல் 1792 வரையிலான அக்குறிப்புகளை ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் பதிப்பித்து 1992-இல் வெளியிட்டார். மொழிக்கும் வழக்கத்துக்கும் குறைவில்லை. சிப்பாய்க்குத் தாளும் இல்லை, தாள் இருந்திருந்தாலும் அதை இலண்டன் வரை கொண்டுபோய் அச்சேற்ற ஆளும் இல்லை. நாட்குறிப்பு என்பது எழுதுவோன் கையோடு முடிவதில்லை. காப்போர், அச்சிடுவோர், வாங்குவோர் என்று ஒரு நீண்ட வரிசை அதற்கு வேண்டும். 1788-இல் அவ்வரிசை தேம்ஸ் நதிக்கரையில் இருந்தது, காவிரிக் கரையில் இல்லை.

சிப்பாய்களைப் பற்றி ஒரே ஒரு செய்தி மட்டும் வேறு வழியில் பரவியது. 1784 மார்ச் 11-ஆம் நாள் மங்களூர் உடன்படிக்கை ஆயிற்று. சிறையாளர் விடுவிக்கப்பட்டுச் சென்னைப் பக்கம் நடத்திச் செல்லப்பட்டார்கள். வழியில் தங்கும் இடங்களில் ஐரோப்பியரையும் சிப்பாய்களையும் ஏரி, குளங்களுக்கு இருபுறமுமாகக் காவலர் பிரித்து வைத்தார்களாம். இரவில் சிப்பாய்கள் நீந்திக் கடந்து, தங்கள் படியில் மிச்சம் பிடித்த காசைத் தங்கள் அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவார்களாம். எங்களுக்கு எதுவும் போதும், உங்களுக்கு இறைச்சி இல்லாமல் முடியாதே என்பது அவர்கள் கூறிய காரணமாம். விடுதலையானவர்களை எதிர்கொள்ளச் சென்றவர்களுள் ஒருவரும், பின்னாளில் வரலாறு எழுதியவருமான ஜான் மால்கம் வழியாகப் பெயர்பெற்ற செய்தி இது.

இதை நம்பலாமா? ஆர்க்காட்டு முற்றுகையில் சோற்றை வெள்ளையர்க்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சியைத் தாங்கள் குடித்த சிப்பாய்களின் கதையும் மால்கம் பரப்பியதே. இரண்டு கதைகளும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. தங்களைச் சிப்பாய்கள் அன்பால் சூழ்ந்திருந்தார்கள் என்று நம்ப வேண்டிய தேவை கம்பெனிக்கு இருந்தது. வேலூர்க் கோட்டையில் 1806-இல் சிப்பாய்கள் எழுந்தபின் அத்தேவை மிகுந்தது. எனவே கஞ்சிக் கதையை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆனால் குளத்துக் கதையில் ஒரு சிறு நுட்பம் இருக்கிறது. கஞ்சிக் கதையில் சிப்பாய் தன்னைக் குறைத்துக் கொள்கிறான். குளத்துக் கதையில் அவன் தன்னை உயர்த்திப் பேசுகிறான். உன்னால் எது இல்லாமல் வாழ முடியாதோ அது எனக்குத் தேவையில்லை என்பது பணிவுப் பேச்சு அன்று. பசியில் தேர்ந்தவன், தேராதவனைப் பார்த்துச் சொல்வது. மால்கம் அதை விசுவாசம் என்று எழுதினார். தமிழ்ப் புலவர்களுக்கு அதற்கு வேறு சொற்கள் தெரியும்.

இப்புத்தகத்தை, அல்லது அன்னகுடியையும் சிறையையும் சொல்லும் பகுதிகளையாவது, தமிழில் தருவது இத்தகைய இலக்கிய வட்டங்களுக்கு ஏற்ற பணி. பழைய அச்சைத் தேடி அலைய வேண்டிய நிலை இன்று இல்லை. முதற்பதிப்பின் பக்கங்கள் கணினியிலேயே படிக்கக் கிடைக்கின்றன. நடையும் கடினம் அன்று. அக்காலக் கம்பெனி ஆங்கிலத்தில் பாதி வீட்டுச் சொற்களே: ‘ஃபனம்’ என்பது பணம், ‘கான்ஜி’ என்பது கஞ்சி, ‘கூலி’ கூலியேதான். மொழிபெயர்ப்பவர் தடுமாறப் போகும் இடம் வேறு. அது மிகச் சிறிய சொல்.

ஆங்கிலத்தில் ‘ஹி’ என்ற ஒரே சொல் எல்லார்க்கும் பொது. பெய்லிக்கும் அதுவே, திப்புவுக்கும் அதுவே, பெயரற்ற சிப்பாய்க்கும் அதுவே. தமிழில் எழுதத் தொடங்கியதும் ஒவ்வொரு வினைமுற்றிலும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டியிருக்கிறது. வந்தானா, வந்தாரா? பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடங்கள் நெடுங்காலம் ‘கிளைவ் பிரபு வந்தார், ஐதர் அலி வந்தான்’ என்றே சொல்லிக் கொடுத்தன. அரசனை ‘அவன்’ என்பது தமிழில் இழிவன்று என்று வாதிடலாம். இராசராசன் கட்டினான், கரிகாலன் கரை எடுத்தான் என்பதே மரபு. இறைவனையும் அவன் என்றே பாடுகிறோம். அப்படியானால் கிளைவுக்கு மட்டும் ‘ஆர்’ விகுதி ஏன் என்ற கேள்வி எழும்.

சிப்பாய் அரசனும் அல்லன், இறைவனும் அல்லன். அவனுக்கு ‘ஆன்’ விகுதி தானாக வந்து விழுகிறது. இந்த உரையிலேயே கூட்டமாக வந்தபோது ‘அவர்கள்’ என்று மதிப்புப் பெற்றவன், தனியாக வந்தவுடன் ‘அவன்’ ஆகியிருப்பதைக் கேட்போர் கவனித்திருக்கலாம். குளத்தை நீந்திக் கடந்து, ஈர வேட்டியின் முடிச்சை அவிழ்த்துச் சில காசுகளை நீட்டியது அவனா, அவரா? வாங்கிக் கொண்டது அவனா, அவரா? முதற்பதிப்பை அச்சுக் கோத்த இலண்டன் தொழிலாளிக்கு இந்தக் கேள்வி எழவே இல்லை. தமிழில் முதல் வாக்கியத்தை எழுதுமுன் மொழிபெயர்ப்பவர் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.